கோடையில் வேயுங் கூரை

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தொல்காப்பியத்திலே காணப்படும் அப்பகுப்பு நிலத்தையும் மாந்தர் ஒழுக்கத்தையும் தழுவி எழுந்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஆண்டினைக் காற்றைக் கொண்டே கணக்கிடுவர். வாடை எழுந்தால் ஒரு காலம், சோளகம் எழுந்தால் மற்றொரு காலம். இவ்விரு கணக்குகளுக்கும் அப்பால் மூன்றாவது கணக்கொன்றும் உண்டு. அது தொய்வு நோயுள்ள பிள்ளையைப் பெற்ற தாய் தன் நெஞ்சில் வைத்திருக்கும் கணக்கு. எந்த மாதத்தில் எத்தனை இரவு விழித்திருக்க நேரும் என்பதே அக்கணக்கின் பொருள்.

ஆஸ்துமா என வைத்தியர் கூறும் இந்நோயை ஊரவர் தொய்வு என்றும் முட்டு என்றும் இழுப்பு என்றும் வழங்குவர். சித்த வைத்திய நூல்கள் இதனை இரைப்பு என்னும். பெயர்கள் பலவாயினும் அனுபவம் ஒன்றே. உள்ளே சென்ற காற்று வெளியே வர மறுக்கிறது. நெஞ்சிலே குழல் ஊதுவது போன்ற ஓசை எழுகிறது. கழுத்தடியும் விலாவும் உட்குழிகின்றன. பிள்ளை படுக்கமாட்டாது எழுந்து குந்தியிருந்து, இரு கைகளையும் முன்னே ஊன்றி, அடுத்த மூச்சுக்காகப் போராடுகிறது. அருகிலிருக்கும் தாயால் அம்மூச்சை அதற்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

வலிகாமத்துக் கிராமமொன்றில் இத்தகைய கணக்கோடு வாழ்ந்த தாயொருத்தி உண்டு. கணவர் கமம் செய்பவர். சீதனமாக வந்த அவ்வீட்டில் அவளுடைய தாயும் தகப்பனும் உடனுறைந்தனர். மூத்த மகனுக்கு மூன்று வயதாகியபோது ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில் முதன்முதலாக முட்டு வந்தது. அடுத்த கார்த்திகையிலும் வந்தது. அதற்கடுத்த ஆண்டில் ஐப்பசி பிறந்ததுமே வீட்டார் அதனை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டனர். வாடைக்காற்றே நோய் என்பது அவ்வீட்டின் முடிந்த முடிபாயிற்று.

நோய் காற்றாயின் காற்றைத் தடுப்பதே மருந்து. எனவே ஐப்பசி முதல் மாசி வரை யன்னல்கள் அடைக்கப்பட்டன. பிள்ளை தலை முழுகுவது நின்றது. குளிர்ச்சி எனக் கருதப்பட்ட வாழைப்பழம், தோடம்பழம், வெள்ளரி, தயிர் யாவும் விலக்கப்பட்டன. ஐஸ்கிறீமைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. காலையிலும் மாலையிலும் தலையிலே துணி கட்டப்பட்டது. முற்றத்திலே மற்றப் பிள்ளைகள் மழைவெள்ளத்திற் கடதாசிக் கப்பல் விட, அவன் அடைத்த யன்னலுக்குப் பின்னே இருந்து அவர்களுடைய கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மம்மா ஆடாதோடைக் கசாயம் காய்ச்சிக் கொடுத்தார். தூதுவளை இரசம் வைத்தார். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து ஆடாதோடையிலுள்ள ஒரு சத்தினை அடியாகக் கொண்டு ஆக்கப்பட்டதே என்பதனால், அம்மூதாட்டியின் அறிவு இகழத்தக்கதன்று. ஆயினும் கசாயத்தாலும் முட்டு நிற்கவில்லை. நள்ளிரவிலே முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடுவதும், அங்கே முகமூடி வழியாக ஆவி மருந்து பிடித்து விடிகாலையில் வீடு திரும்புவதும் ஆண்டுதோறும் நிகழும் சடங்குகளாயின.

இவற்றுள் 2022 ஆம் ஆண்டின் மாரி மிகக் கொடியது. பொருளாதார நெருக்கடியால் நாடு நிலைகுலைந்திருந்த ஆண்டு அது. சமையல் எரிவாயு கிடைக்காமையால் நகரத்து வீடுகளும் விறகு அடுப்புக்குத் திரும்பின. இவ்வீட்டிலும் மூலையிற் கிடந்த அடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது. மழையில் நனைந்த விறகு எரியாது புகைந்தது. அடுப்படியும் படுக்கையறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. மருந்துத் தட்டுப்பாடும் அவ்வாண்டில் நாடெங்கும் நிலவியது. டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் வங்காள விரிகுடாவிலே மாண்டஸ் புயல் உருவாகியிருந்த நாட்களில், வடக்கிலிருந்து வந்த மாசடைந்த காற்று இலங்கையின் பல பகுதிகளை மூடியது. டிசெம்பர் 9 ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கு கிழக்கு மாகாணங்களிற் பெருந்தொகையான மாடுகள் குளிரால் இறந்தன. அவ்வாரத்தில் அச்சிறுவன் இருமுறை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டான். இரண்டாவது முறை அவனாற் பேச இயலவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது தலையை அசைக்கவும் வலுவற்றிருந்தான். உதடுகள் கருநீலம் பாய்ந்திருந்தன.

அவன் பிழைத்தான். விடுதியை விட்டுச் செல்லும் நாளில் அங்கிருந்த பெண் வைத்தியர் தாயைக் கதிரையில் இருத்திப் பேசினார். “அம்மா, இது மாரியோட வந்து மாரியோட போற வருத்தமில்லை. வருசம் முழுக்க உள்ளுக்க இருக்கு. மாரி அதைக் காட்டிக் குடுக்குது, அவ்வளவுதான்” என்றார். பின்னர் ஒரு தாளிலே சுவாசக் குழாயின் குறுக்குவெட்டினை வரைந்து காட்டினார். முட்டு வரும்போது மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. சளி சுரந்து எஞ்சிய வழியையும் அடைக்கிறது. சல்பியூட்டமோல் அடங்கிய நீல இன்ஹேலர் முதலாவதை மட்டுமே சில நிமிடங்களில் நீக்குகிறது. உட்சுவரின் வீக்கத்தைத் தணிப்பது பெக்ளோமெதசோன் போன்ற மருந்து அடங்கிய கபில நிற இன்ஹேலர். அது நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லவே வேலை செய்யும். நோயின் வேர் அவ்வீக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளை சிரித்து விளையாடும் சித்திரை மாதத்திலும் அவ்வீக்கம் முற்றாக மறைந்துவிடுவதில்லை.

அத்தாய் திடுக்குற்றாள். கபில நிற இன்ஹேலர் அவளுக்குப் புதியதன்று. கிளினிக்கில் அது ஆண்டுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. மார்கழியில் வாங்கி வருவாள். மாசிப்பனி நீங்கிப் பிள்ளை தேறியதும் அதனை அலுமாரியில் வைத்துவிடுவாள். நீல இன்ஹேலரின் பயன் கண்முன்னே தெரிந்தது. எனவே அதனை நம்பினாள். மற்றதன் பயன் கண்ணுக்குத் தெரியவில்லை. வராத முட்டை எவர் காண்பர்? தடுப்பு மருந்து யாவற்றுக்கும் உரிய துன்பம் இதுவே. அது வெற்றி பெறும்போது அது வேண்டியதில்லை என்று தோன்றும்.

வைத்தியர் அவளிடம் வேறொன்றும் சொன்னார். ஒரு கொப்பியில் முட்டு வரும் நாளையும், அதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் நிகழ்ந்தவற்றையும் குறித்துவருமாறு பணித்தார். உயர்தரம் வரை படித்திருந்த அவள் மகனின் பழைய கணக்குக் கொப்பியைத் திருப்பி, அதன் பின்புறத்தில் எழுதத் தொடங்கினாள். அந்நாளின் காற்று, மழை, உணவு, குளிப்பு, வீட்டிலே எரிந்தவை, பாடசாலையில் நடந்தவை அனைத்தும் அதில் இடம்பெற்றன. ஓராண்டு கழிந்து அக்கொப்பியைப் படித்தபோது வீட்டாரின் நெடுநாள் நம்பிக்கைகள் பல ஆட்டங் கண்டன.

வாழைப்பழத்துக்கும் முட்டுக்கும் யாதொரு தொடர்பும் காணப்படவில்லை. தலை முழுக்குக்கும் அவ்வாறே. முட்டு வந்த நாட்களுட் பெரும்பாலானவற்றுக்கு முன்னே தடிமன் வந்திருந்தது. அத்தடிமனும் பெரும்பாலும் பாடசாலையிலிருந்தோ கோயில் திருவிழாவிலிருந்தோ வீட்டுக்கு வந்தது. மருத்துவ உலகம் இதனை ஏலவே அறியும். சிறுவரிடத்து முட்டை எழுப்பும் காரணங்களுட் சாதாரண தடிமன் வைரசுகளே தலையாயவை. அத்தாயின் தங்கை ரொறன்ரோவில் வாழ்பவள். அவளுடைய மகளுக்கு ஆண்டுதோறும் செப்ரெம்பரிலேயே இந்நோய் கடுமையாகும். அங்கே வாடையும் இல்லை, சோளகமும் இல்லை. கோடை விடுமுறை முடிந்து பாடசாலைகள் திறந்து இரண்டு மூன்று வாரங்களிற் கனடாவின் வைத்தியசாலைகள் முட்டுவந்த சிறுவரால் நிறைவது பல ஆண்டுகளாக அவதானிக்கப்பட்ட உண்மை. மறுதலையாக, கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்த 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பல நாடுகளில் ஆஸ்துமாவால் வைத்தியசாலைக்கு வரும் சிறுவர் தொகை வெகுவாகக் குறைந்தது. அவ்வாண்டுகளிலும் குளிர் வந்தது, மழையும் பெய்தது. பிள்ளைகள் ஒன்றுகூடவில்லை என்பதே பெரிய வேறுபாடு.

அவ்வாறாயின் பருவத்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆயின் அது வீட்டார் எண்ணிய வழியில் அமையவில்லை. ஒவ்வொரு பருவமும் தன்னோடு வெவ்வேறு தூண்டுதல்களைக் கொண்டு வருகிறது. அவற்றைத் தனித்தனியே பிரித்தறிந்தால் ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது சிறிதளவேனும் உண்டு. கொப்பி அவளுக்குக் கற்பித்த பெரும் பாடம் இதுவெனலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டினுள் ஈரம் தங்குகிறது. சுவரிலே பூஞ்சணம் படர்கிறது. ஈரப்பதன் மிக்க காற்றில், இலவம் பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குப் புலப்படாத தூசிச் சிற்றுண்ணிகள் பெருகுகின்றன. யன்னலை அடைத்து வைத்ததனால் வீட்டார் இவ்விரண்டையும் வளர்த்தே வந்தனர். அவள் மழை விட்ட பொழுதுகளில் யன்னல்களைத் திறந்தாள். மெத்தையை வெயிலிற் போட்டாள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் சுடுநீரில் தோய்த்தாள். அடுப்பை வீட்டிலிருந்து பிரித்து, கொல்லைப்புறத்தே தனிக் கொட்டிலுக்கு மாற்றினார் கணவர். மாரி நுளம்பின் காலமுமாகும். டெங்கு அச்சம் ஒருபுறம் இருந்தது. ஆதலால் இரவு முழுவதும் படுக்கையருகே நுளம்புச்சுருள் எரிவது அவ்வீட்டின் வழக்கம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் வெளிவிடுவனவற்றுக்கு நிகரானவை என 2003 இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. சுருள் அகன்றது, நுளம்புவலை வந்தது. திண்ணையிலிருந்து சுருட்டுப் புகைக்கும் அப்பு மட்டும் இலகுவில் இணங்கவில்லை. பல நாட் பூசலின் பின் அவர் தமது சாய்மனைக் கதிரையைக் கிணற்றடிக்கு அப்பால் மாற்றிக்கொண்டார். சுருட்டை விடவில்லை.

தை, மாசிப் பனியில் விடிகாலைக் காற்று குளிர்ந்து வரண்டிருக்கும். வயல்களிற் சூடடிப்பின் தூசும், வளவுகளிற் குப்பை கொளுத்தும் புகையும் தாழ்ந்து தங்கும். பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சியும் இக்காலத்தில் நிகழ்வதுண்டு. குளிர்ந்த வரண்ட காற்றிலே ஓடும் பிள்ளைக்கு முட்டு எழுவது இயல்பே. இதற்காக ஓட்டத்தைத் தடுக்கவேண்டியதில்லை. நோய் கட்டுக்குள் இருக்குமாயின், ஓடுவதற்குச் சற்று முன்பு வைத்தியர் கூறியவாறு நீல இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, மெல்ல உடலைச் சூடாக்கி ஓடலாம். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் செம்மண் புழுதியை வாரி இறைக்கும். அம்மாதங்களில் வீடு கூட்டுவதற்கு முன்னர் நிலத்திலே தண்ணீர் தெளிப்பதும், பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரத்திலே ஒட்டடை அடிப்பதும் அவளுடைய வழக்கமாயின.

எஞ்சியிருப்பது பங்குனி, சித்திரை. காற்று அடங்கி வெயில் ஏறும் இம்மாதங்களிற் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நோயை ஆளும் கலை பெரிதும் தங்கியிருப்பது இம்மாதங்களிலேயே. கபில நிற இன்ஹேலரை நிறுத்தும் ஆசை எழுவது இப்பொழுதுதான். கொப்பி தொடங்கிய அவ்வாண்டின் சித்திரையிலும் வீட்டில் அப்பேச்சு எழுந்தது. சுகமாயிருக்கும் பிள்ளைக்கு ஏன் மருந்து என்றார் கணவர். அயலவர் ஒருவரும் அதனையே ஓதினார். அப்போது மறுமொழி கூறியவர், எவரும் எதிர்பாராதவாறு, கசாயம் காய்ச்சிய அம்மம்மாவே. “மழை பெய்யேக்கையே வீடு வேயிறது? கோடையிலயெல்லோ கிடுகு கட்டி வேயிறனாங்கள். பிள்ளை, நீ குடுக்கிறதை விடாமற் குடு” என்றார். ஓலை வீடுகளில் வாழ்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். கூரை ஒழுகாத காலத்திலேயே கூரையைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் உடலால் உழைத்து அறிந்த அறிவு. வைத்தியர் படம் வரைந்து விளக்கியதை அம்மூதாட்டி ஒரு வாக்கியத்தில் வீட்டின் மொழியாக்கிவிட்டார்.

இன்ஹேலரைப் பற்றிய அச்சங்கள் வேறும் உள. அது பழக்கமாகிவிடும் என்பர். இதயத்தைக் கெடுக்கும் என்பர். வளர்ச்சியைத் தடுக்கும் என்பர். முதலிரண்டுக்கும், வைத்தியர் கூறும் அளவிற் பயன்படுத்தும்வரை, ஆதாரமில்லை. மூன்றாவதில் ஓரளவு உண்மை உண்டு. நெடுங்காலம் எடுக்கும் பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறையக்கூடும். கட்டுப்படாத தொய்வும் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. உறக்கத்தையும் கல்வியையும் பறிக்கிறது. சிலவேளை உயிரையும் பறிக்கிறது. ஒரு சென்ரிமீற்றரை மறுதட்டிலுள்ள இவற்றோடு நிறுத்துப் பார்த்தே தாயொருத்தி முடிவு செய்யவேண்டும். மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் தீர்ப்புக்குரியன. அயலவரின் தீர்ப்புக்குரியன அல்ல.

மருந்து உரிய இடத்தைச் சென்றடைவதும் முக்கியமானது. சிறுபிள்ளைகள் இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். ஸ்பேசர் எனப்படும் குழலை இடையே பொருத்தி, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஐந்தாறு முறை இயல்பாக மூச்செடுக்கச் செய்தல் வேண்டும். விலைகொடுத்து அதனை வாங்க இயலாத வீடுகளுக்கும் வழி உண்டு. அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியிலே இன்ஹேலரின் வாய் பொருந்துமாறு துளையிட்டு, இடைவெளியின்றி ஒட்டினால் அதுவும் ஸ்பேசர் போலவே பயன்படும் எனத் தென்னாபிரிக்க வைத்தியர்கள் 1999 இற் சிறுவரிடத்து ஆராய்ந்து காட்டினர். கபில நிற மருந்தை எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இவை யாவற்றிலும் கடினமானது ஊரார் வாயாகும். வருத்தக்காரப் பிள்ளை என்னும் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இலகுவிற் கழன்றுவிடாது. பெண்பிள்ளையாயின் கலியாணப் பேச்சு வரை அது தொடரும் என்று அஞ்சி, நோயை மறைக்கும் தாய்மார் இன்றும் உளர். இத்தாயும் முன்னர் இன்ஹேலரைப் பிள்ளையின் புத்தகப் பையின் அடியிலே துணியாற் சுற்றி மறைத்தே அனுப்பினாள். பாடசாலையில் முட்டு வந்தால் ஆசிரியைக்கு என்ன செய்வதென்று தெரியாதிருந்தது. ஆதலால் உடற்பயிற்சி வேளையில் அவனை வேப்பமரத்தடியில் இருத்திவைப்பதே வழக்கமாயிற்று. பின்னர் அவள் வகுப்பாசிரியையைச் சந்தித்து, இன்ஹேலரை எடுத்துக் காட்டி, பயன்படுத்தும் முறையையும் ஆபத்தின் அறிகுறிகளையும் எழுதிக் கொடுத்தாள். வசனம் பேசி முடிக்க இயலாமை, நெஞ்சு உட்குழிதல், உதடு நீலமாதல், நீல மருந்து கொடுத்தும் தணியாமை, இவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். இழுப்பின் ஓசை திடீரென அடங்கியும் பிள்ளை சோர்ந்தே இருக்குமாயின், அது தேறுதல் அன்று, பேராபத்து.

அடுத்த மாரியிலும் முட்டு வந்தது. கார்த்திகையின் ஓரிரவில், தடிமன் கண்ட இரண்டாம் நாள், சிறுவன் எழுந்து குந்தினான். ஆயினும் இம்முறை வீடு கலங்கவில்லை. நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் தலைமாட்டிலேயே இருந்தன. தாய் மருந்து கொடுத்தாள், மூச்சுகளை எண்ணினாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் முச்சக்கரவண்டிக்காரரின் தொலைபேசி இலக்கத்தைக் கையில் வைத்திருந்தார், அழைக்க நேரவில்லை. விடிந்ததும் அவள் கொப்பியிலே அந்நாளைக் குறித்தாள். அதன்பின் நடைபெற்ற மெய்வல்லுநர் போட்டியில் அவன் 100 மீற்றர் ஓட்டத்தில் ஓடி ஐந்தாவதாக வந்தான்.

அந்நோய் அவனை விட்டு நீங்கிற்று எனச் சொல்வதற்கில்லை. பருவ வயதிற் பலருக்கு அது தணிகிறது, எல்லோருக்கும் தணிவதில்லை. வாடையும் பனியும் சோளகமும் முறை தவறாது வந்துகொண்டே இருக்கும். காற்றை நிறுத்த எவராலும் இயலாது. காற்றுக்கு அஞ்சிப் பிள்ளையின் பழத்தையும் குளிப்பையும் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு, நிறுத்தத்தக்க புகையையும் தூசையும் விட்டுவைப்பதும், நிறுத்தத்தகாத மருந்தை நிறுத்திவிடுவதும் இந்நாட்டின் எண்ணற்ற வீடுகளிலே அன்பின் பெயராற் செய்யப்படும் செயல்கள். அன்பு அறிவோடு சேரவேண்டும். வெயில் எறிக்கும் நாளிலே கிடுகு பின்னும் கைகளுக்கு இருந்த அவ்வறிவு, தொய்வுப் பிள்ளையைப் பேணும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியதாகுக.